எந்த சோனா? – குவாத்தமாலா சிட்டியில் குறைந்த செலவில் தங்கியவர்களின் அனுபவங்கள்

வழிப்போக்கன்:

குவாத்தமாலாவுக்குப் போகிறவர்களில் பலர் விமானம் இறங்கியதும் நேரே பக்கத்துப் பழைய ஊரான ஆன்டிகுவாவுக்கு வண்டி ஏறிவிடுவார்கள். நான் தலைநகரில் நான்கு நாள் தங்கினேன். வாடகை குறைவு என்பதைத் தவிர வேறு லட்சியம் எதுவும் இல்லை.

முதல் நாளே திண்டாட்டம். அந்த ஊர் ‘சோனா’ என்று எண் போட்ட பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. பழைய நகரம் சோனா 1. அங்கிருந்து நத்தை ஓட்டின் சுழி மாதிரி எண்கள் சுற்றிச் சுற்றி வெளியே போகும். தெரு எண்களோ ஒவ்வொரு சோனாவிலும் திரும்ப வரும். ‘அவெனிதா’ என்றால் அவென்யூ. ‘6ஆவது அவெனிதா 12-34’ என்றால், 6ஆவது அவெனிதாவில் 12ஆவது தெருவைத் தாண்டி 34ஆம் எண் கதவு. சரி, எந்த சோனாவில்? அதைத்தான் நான் சீட்டில் எழுதவில்லை. என் விடுதி சோனா 1-ல். டாக்சிக்காரர் இறக்கிவிட்டது சோனா 9-ல். இருட்டு, முதுகில் பை, தெருவில் ஆளில்லை. நான் கதவு கதவாக எட்டிப்பார்ப்பதைக் கண்டு அந்தப் பெரியவரே வண்டியைத் திருப்பி வந்து ஏற்றிக்கொண்டார். கூடுதலாக 40 கெட்சால் (அந்த நாட்டுப் பணம்). டாலருக்கு ஏழே முக்கால் கெட்சால் கணக்கில் பெரிய காசு இல்லைதான்.

பெரிய செலவு மூன்றாம் நாள் வந்தது. பகலெல்லாம் டிரான்ஸ்மெட்ரோ என்ற பச்சைப் பேருந்தில் சுற்றினேன். அப்போது ஒரு தடவைக்கு 1 கெட்சால்தான். தனிப் பாதை, நிலையத்தில் காவலர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தைரியத்தில் இரவு ஏழரைக்கு விடுதி வரை நடந்தே போகலாம் என்று கிளம்பினேன். டாக்சிக்குக் கேட்டது 25 கெட்சால், அது மிச்சமாகுமே!

சோனா 1-ல் 6ஆவது அவெனிதா நடப்பவர்களுக்கு மட்டுமான தெரு. பாட்டு, கூத்து, ஐஸ்கிரீம் என்று ஜே ஜே என்றிருக்கும். ஆனால் அதிலிருந்து இரண்டு தெரு விலகினால் எல்லாக் கடையும் ஷட்டர் இறக்கியிருக்கும். அங்கே வருஷம் முழுக்க ஏழு மணிக்குள் இருட்டிவிடும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. முனையில் நின்று போனில் வழி பார்த்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்று ஓரமாக வந்து நின்றது. பின்னால் இருந்தவன் சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, “எல் செலுலார்” (போன்) என்றான். கொடுத்துவிட்டேன். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது.

எதிரே ஒரு ரொட்டிக்கடை இருந்தது. ரொட்டிக்கடை வாசலில்கூட நீளத் துப்பாக்கியோடு காவலாளி நிற்கிற ஊர் அது. முதல் நாள் அந்தக் காட்சியே எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அந்தக் காவலாளிதான் என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, நாற்காலி போட்டு, சோளத்தில் காய்ச்சிய அத்தோல் ஒரு குவளை கொடுத்தார். அப்புறம் தன் போனை நீட்டி, வீட்டுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டுமா என்று சைகையில் கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஒருவர் எண்ணும் எனக்கு மனப்பாடம் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1500 என்று கடைக்காரம்மா சொன்னதால் அதில் பேசினோம். காப்பீட்டுக்கு ‘தெனுன்சியா’ என்கிற புகார்த்தாள் தேவைப்பட்டது. அதை வாங்க மறுநாள் பாதி போனது.

நெல்லைக்காரி:

அண்ணா, உயிரோடு வந்தீர்களே, அது போதும். நான் தனியாகப் போனதால் விமான நிலையத்தை ஒட்டிய சோனா 13-ல் தங்கினேன். வாசலில் கேட் போட்ட குடியிருப்புக்குள் சின்ன விடுதி. வாடகை சோனா 1-ஐவிட அதிகம்தான். ஆனால் அவர்களே வந்து அழைத்துப்போனார்கள், ராத்திரி டாக்சிச் செலவே இல்லை. கூட்டிக்கழித்தால் எனக்கு லாபம்.

விடுதிக்கார அம்மா ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: நகருக்குள் அப்போது ஓடிய பழைய சிவப்புப் பேருந்துகளில் ஏறக்கூடாது. பிக்பாக்கெட் பயம் என்று நினைத்தேன். அது இல்லையாம். மாரா என்கிற ரவுடிக் கும்பல்கள் ஓட்டுநர்களிடம் மாமூல் கேட்கும்; கொடுக்காத வண்டியில் ஓட்டுநரைச் சுடுவார்கள். அந்த நேரத்தில் நாம் உள்ளே இருந்தால் நம் விதி.

பகலில் கதீட்ரலுக்குப் பின்னால் இருக்கிற மத்தியச் சந்தைக்குப் போங்கள். தரைக்குக் கீழே இருக்கிறது. 1976 பூகம்பத்துக்குப் பிறகு கட்டியது. உள்ளே சாப்பாட்டுக் கடைகளில் பெப்பியான் குழம்பும் சுடச்சுடத் தொர்த்தியா என்கிற சோள ரொட்டியும் கிடைக்கும். எழுந்து போகிறவர்கள் முன்பின் தெரியாத நமக்கும் “புவென் ப்ரொவேச்சோ” (நன்றாகச் சாப்பிடுங்கள்) சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். மசாலாக் கடையில் ஏலக்காயைப் பார்த்ததும் ஒரு பொட்டலம் வாங்கினேன். இதை என்ன செய்வீர்கள் என்று கடைக்கார அம்மா என்னைக் கேட்டார்! உலகத்துக்கே ஏலக்காய் அனுப்புகிற நாடு, ஆனால் பெரும்பகுதி அரபு நாட்டுக் காப்பிக்குத்தான் போகிறது. டீயில் தட்டிப்போடுவோம் என்று உரலில் இடிக்கிற மாதிரி நடித்துக் காட்டினேன்.

ஒற்றைப்பை:

இவ்வளவு பாடு எதற்கு? ஆன்டிகுவாவுக்கே போய்விடலாமே.

வழிப்போக்கன்:

போகலாம். ஆனால் சோனா 2-ல் இருக்கும் ‘மாப்பா என் ரெலியேவே’ வேறு எங்கே கிடைக்கும்? 1905-ல் முடித்த, முழு நாட்டின் சிமென்ட் வரைபடம். மலைகளின் உயரத்தை மட்டும் ஐந்து மடங்கு கூட்டிக் கட்டியிருக்கிறார்கள். கோபுரத்தில் ஏறி நின்றால் எரிமலைகளெல்லாம் ஊசி ஊசியாக நிற்கும். நாற்பது படமாவது எடுத்திருப்பேன். எல்லாம் அந்தப் போனோடு போயிற்று. யாரிடமாவது இருந்தால் இரண்டு அனுப்புங்கள்.