மருந்தடிக்கும் எஞ்சின் கிளம்பவில்லை, மழைக்கு முன் சரிசெய்ய வழி சொல்லுங்கள்

கேள்வி, கம்பத்திலிருந்து:
வண்டன்மேடு பக்கம் ஒன்றரை ஏக்கர் ஏலக்காடு. அழுகல் வராமலிருக்க, மழை பிடிக்கும் முன் 1 சதவீத போர்டோ கலவை அடித்தாக வேண்டும். அதற்கான துருசும் (மயில்துத்தம்) சுண்ணாம்பும் வாங்கியாயிற்று, 163 சிசி பெட்ரோல் எஞ்சின்தான் கிளம்பவில்லை. டிசம்பரில் நிறுத்தியது, டேங்கில் பாதி பெட்ரோல் அப்படியே கிடந்தது. சோக் போட்டு முப்பது தடவை கயிறு இழுத்துவிட்டேன். பிளக் காய்ந்து கிடக்கிறது, புதிது மாட்டியும் பலனில்லை. ஒர்க்‌ஷாப்பில் நாலு நாள் ஆகுமாம்.

பதில், குமுளி:
தம்பி, பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார். மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் இப்படித்தான் ஆகும். அதிலும் கிளம்பாவிட்டால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்தான். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். நம் மலைக்காற்றில் ஆறு மாதம் கிடந்தால் கேட்கவே வேண்டாம். பழைய பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார், அடியில் தனியாகத் தண்ணீர் நிற்கலாம். அதை ஓடையில் ஊற்றிவிடாதே.

டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வால்வை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்று. நடுவில் ஜெட் இருக்கும், பெட்ரோல் போகும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் துளை தெரிய வேண்டும். அடைத்திருந்தால் மின்ஒயரின் ஒற்றைச் செம்பு இழையை விட்டு எடு. ஊசி வேண்டாம், துளை பெரிதாகிவிடும். வேலையை வெளியில் வைத்துச் செய், பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது.

கேள்வி கேட்டவர்:
அண்ணே, பாட்டிலில் இரண்டு அடுக்காக நின்றது! கிண்ணத்தில் பச்சையாகப் பிசின், ஜெட்டில் துளையே தெரியவில்லை. சுத்தம் செய்து புதுப் பெட்ரோல் ஊற்றியதும் கிளம்பிவிட்டது. ஆனால் சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது.

பதில், குமுளி:
உள்ளே இன்னொரு சின்ன ஜெட் உண்டு, அது இன்னும் அடைத்திருக்கிறது. எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை வைக்கும் ஐடில் திருகைக் கழற்றினால் அதன் அடியில் இருக்கும், மெதுவாக நெம்பி எடு. துளை மயிரிழை அளவுதான். கார்புரேட்டர் கிளீனரை இரண்டு பக்கமும் அடித்து ஊற வை.

பதில், போடிமெட்டு:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். சரிவில் வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். ஆயில் சென்சார் உள்ள எஞ்சினில் அதுவே ஸ்பார்க்கை நிறுத்திவிடும். கல் கொடுத்து மட்டமாக வை. போன வருடம் அரை நாள் வீணாகிய பிறகுதான் எனக்கே புரிந்தது.

கேள்வி கேட்டவர்:
சோக் இல்லாமல் பத்து நிமிடமாக ஓடுகிறது. விடிந்ததும் மருந்தடிக்கிறோம். ரொம்ப நன்றி அண்ணே.

பதில், குமுளி:
நல்லது தம்பி. சீசன் முடிந்ததும் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடு. டேங்கையும் காலி செய்து வை.