லைஃப் சர்டிபிகேட் போட்டுக் கொடுக்க ஆள் வேணும் (தக்கலை, குழித்துறை பக்கம்)

முன்னாள் ராணுவத்தினருக்கும் குடும்ப பென்ஷன் வாங்கும் அம்மாமாருக்கும் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் (உயிரோடு இருப்பதற்கான சான்று) போட்டுக் கொடுக்க ஆறு பேர் தேவை. ஆண்ட்ராய்டு போன், ஞாயிறு காலை, கொஞ்சம் பொறுமை. அது போதும்.

ரேகை மெஷினை நம்பாதீங்க. ரப்பர் பால் வெட்டித் தேய்ந்த விரல்களை அது பல நேரம் எடுக்காது. இந்தச் சான்றை ஆன்லைனில் போடும் ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியையும் ஏற்றினால் முகத்தை வைத்தே முடிக்கலாம். வெளிச்சம் முகத்தில் விழணும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காதீங்க.

பெரிய தப்பு நடப்பது படிவத்தில்தான். ஸ்பர்ஷுக்கு (ராணுவ பென்ஷனை நேரடியாக வழங்கும் ஆன்லைன் முறை) மாறியவர்களுக்கும் பழைய பழக்கத்தில், பென்ஷன் வழங்கும் இடமாக வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சான்று பதிவானதற்கான பிரமாண் எண் வந்துவிடும், ஆனால் சான்று ஸ்பர்ஷுக்குப் போகாது. பென்ஷன் நின்ற பிறகுதான் விஷயம் தெரியும். பென்ஷன் வழங்கும் இடத்தில் ‘ஸ்பர்ஷ் – பிசிடிஏ பென்ஷன்ஸ், அலகாபாத்’ என்று இருக்கணும். பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை) எண்ணைக் காகிதத்தைப் பார்த்தே அடிங்க, வாயால் சொல்வதை வைத்து வேண்டாம்.

மனைவி பெயர் பிபிஓவில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் கணவர் உயிரோடு இருக்கும்போதே திருத்துவது எளிது. கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன்மார் யாராவது இதற்கு மட்டும் வந்தால் பெரிய உதவி.

கூடவே, 5 வயது முடிந்தும் ஆதாரில் ரேகை, கருவிழி சேர்க்காத பிள்ளைகளின் பட்டியல் எடுக்க அங்கன்வாடி டீச்சர் ஒருவர் வேணும். பதிவு செய்ய ஆதார் மையத்துக்குப் போகணும்.

வர முடிந்தவர்கள் ஊரையும் எந்த ஞாயிறு என்பதையும் கீழே போடுங்க. பிபிஓ, ஆதார் எண்களை இங்கே போடாதீங்க.