ஜன்னல் இடுக்குப் பூஞ்சைக்கு நீராவி சரிவருமா?

கேள்வி (ஊட்டி):
ஆடி முடிவதற்குள் அலுமினிய ஜன்னல் நகரும் பள்ளத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிடுகிறது. பழைய பல் பிரஷ்கூட மூலைவரை போகவில்லை. அம்மாவுக்கு இழுப்பு, பிளீச்சிங் பவுடர் வாடையே ஆகாது. கையில் பிடிக்கும் நீராவி மெஷின் வாங்கலாமா?

பதில் (குன்னூர்):
தாராளமாக வாங்குங்கள், நான் 3 வருடமாக வைத்திருக்கிறேன். முனையை அழுக்குக்கு இரண்டு விரற்கடைக்குள் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் ஆவி ஆறி வெறும் ஈரமாகிவிடும். ஒரு கையில் மெஷின், மறு கையில் பழைய வேட்டித் துணி. கறுப்பு இளகிக் கூழாக வரும்போதே ஒற்றி எடுத்துவிட வேண்டும். அப்புறம் நன்றாகக் காயவிடுங்கள், ஈரம் நின்றால் பூஞ்சை திரும்ப வரும். அதனால் வெயில் அடிக்கும் நாளில்தான் நான் இந்த வேலையைத் தொடுவேன். அம்மாவை அந்த நேரம் வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள்.

பதில் (கோத்தகிரி):
மார்கழிக் காலையில் சில்லிட்ட கண்ணாடிமேல் நேராக அடிக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி அப்படித்தான் விரிசல் விட்டது. ஸ்விட்ச் போர்டு பக்கமும் வேண்டாம்.

கேட்டவர்:
கெட்டில் ஆவி போதாதா?

பதில் (குன்னூர்):
போதாதுங்க. ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மெஷினில் அழுத்தம் இருப்பதால்தான் ஆவி இடுக்குக்குள் பாய்கிறது.