புதுப்பிப்பு: தானாக அணைந்துகொண்டிருந்த டிவி சரியாகிவிட்டது

போட்ட பத்து நிமிடத்தில் டிவி தானாக அணைகிறது, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் ஓடி மறுபடி அணைகிறது என்று கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஸ்லீப் டைமர், ரிமோட், பிளக் பாயிண்ட் எதுவும் காரணமில்லை. பவர் போர்டில் (டிவிக்குள் மின்சாரம் தரும் பலகை) கெப்பாசிட்டரை, அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன பாகத்தை, பாருங்கள் என்றவர் சொன்னதுதான் சரி. கழற்றிப் பார்த்தால் 1000 மைக்ரோஃபாரட் (தேக்கும் திறனின் அளவு), 10 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு தலை உப்பியிருந்தன. அதே மைக்ரோஃபாரடில் 16 வோல்ட், 105 டிகிரி தாங்குகிற வகையாக வாங்கி மாற்றினேன்.

அப்புறமும் அணைந்தது! பக்கத்தில் பார்வைக்கு நன்றாகவே இருந்த மூன்றாவதையும் மாற்றிய பிறகுதான் நின்றது, ஆகவே உப்பலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரமாகத் தொல்லை இல்லை. திறக்கப் போகிறவர்களுக்கு: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும், மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) பார்க்காமல் கை வைக்காதீர்கள்.