ஃபிஷ் டெஸ்டுக்கு (செல்லுல ஜீன் உடைஞ்சிருக்கான்னு ஒளிரும் நிறம் வச்சுப் பார்க்குற சோதனை) பிளாக் (பயாப்சியில எடுத்த சதையை மெழுகுல பதிச்சது) அனுப்பியவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஆலங்குளம், மகள்:
எங்கம்மைக்கு நுரையீரல்ல கட்டின்னதும் ஊர்ல எல்லாரும் "பீடி சுத்துன தூசிதான்"னு முடிவு பண்ணிட்டாவ. அம்மை ஒரு பீடி கூடப் பத்த வச்சதில்ல. பாளையங்கோட்டையில சதை எடுத்துப் பார்த்ததுல அடினோகார்சினோமாங்கிற வகைப் புத்துநோய்னு வந்துச்சு. டாக்டரம்மா அதோட விடல. ஏஎல்கே ஜீன் உடைஞ்சிருக்கான்னு ஃபிஷ்ல பார்க்கணும்னு சொல்லி, மெழுகு பிளாக்கைச் சென்னைக்கு அனுப்பச் சொன்னாவ. இந்த வகை நுரையீரல் புத்துநோய்ல நூத்துக்கு 3 முதல் 5 பேருக்குத்தான் அப்படி இருக்குமாம், புகைபிடிக்காதவங்ககிட்ட கூடுதலாம். 'பாசிட்டிவ்'னு ரிப்போர்ட் வந்ததும் எனக்குக் கை கால் ஓடல. அதுதான் நல்ல சேதி, அதுக்குன்னே மாத்திரை இருக்குன்னு டாக்டரம்மா விளக்குனாவ. இப்ப மாத்திரையில இருக்காவ. இருமல் அடங்கி, ராத்திரி படுத்துத் தூங்குறாவ.

பாளையங்கோட்டை, லேப் டெக்னீஷியன்:
அக்கா, அந்த பாசிட்டிவ் எப்படி வருதுன்னு சொல்லுதேன். முன்னால சென்னையில நான் பார்த்த வேலை இதுதான். பிளாக்ல இருந்து 4, 5 மைக்ரான் கனத்துல சீவி, புரதத்தைக் கரைக்குற பெப்சின் போட்டு, சூடாக்கி டிஎன்ஏ இழையைப் பிரிப்போம். ஜீன் உடையுற இடத்துக்கு ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை ப்ரோப் (அந்தந்த இடத்துல போய் ஒட்டுற ஒளிரும் டிஎன்ஏ துண்டு). 37 டிகிரியில ராத்திரி முழுக்க ஒட்ட விடணும். ஜீன் முழுசா இருந்தா ரெண்டும் சேர்ந்து மஞ்சளாத் தெரியும். உடைஞ்சிருந்தா, நார் அறுந்த பூச்சரம் மாதிரி சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம்.

இருட்டறையில உக்காந்து 50 செல் எண்ணணும். 25க்கு மேல உடைஞ்சிருந்தா பாசிட்டிவ், 5க்குக் கீழன்னா நெகட்டிவ். நடுவுல நின்னா இன்னொருத்தர் தனியா இன்னொரு 50 எண்ணுவார். ரெண்டையும் கூட்டி 15 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா பாசிட்டிவ். சீவும்போது செல்லே வெட்டுப்படுறதால ஒண்ணு ரெண்டு பொய்யாப் பிரிஞ்சு தெரியும். அதனாலதான் இந்தக் கணக்கு. அவசரப்பட்டு எண்ணவே கூடாது, ஒருத்தரோட மருந்தே அதுலதான் இருக்கு.

சங்கரன்கோவில், தாய்மாமன்:
எங்க அக்கா மகனுக்குத் தொடையெலும்புல கட்டி. ஈவிங் சார்கோமாங்கிற எலும்புப் புத்துநோயான்னு சந்தேகம். முதல்ல எடுத்த எலும்புத் துண்டை ஆசிட்ல ஊறப் போட்டு மென்மையாக்கிட்டாங்க. ஃபிஷ்ல ஒரு புள்ளி கூடத் தெரியலன்னு ரிப்போர்ட் வந்துச்சு. பய வலியில துடிச்சுக்கிட்டு இருக்கும்போது சதை எடுக்க மறுபடியும் ஊசி. அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு. ரெண்டாவது தடவை மெத்துன்னு இருந்த சதையைத் தனியா ஃபார்மலின்ல (சதை கெடாம வைக்குற திரவம்) போட்டாங்க, ஈடபிள்யூஎஸ்ஆர்1ங்கிற ஜீன் உடைஞ்சது தெளிவாத் தெரிஞ்சுது. அந்த ஜீன் வேற சில கட்டியிலயும் உடையுமாம். அதனால செல்லுல சிடி99ங்கிற புரதம், வயசு, ஸ்கேன் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஈவிங்னு எழுதினாங்க.

லேப் டெக்னீஷியன்:
ஆமா அண்ணாச்சி, ஆசிட் டிஎன்ஏவைச் சிதைச்சிரும். எலும்பை மெதுவா மென்மையாக்குற ஈடிடிஏ கரைசல்ல ஊற வச்சா நாள் கூட ஆகும், ஆனா டிஎன்ஏ நிக்கும். சதையை 10 சதவீத ஃபார்மலின்ல 6 முதல் 72 மணி நேரம் வைக்கணும். எலும்பு பயாப்சின்னா ஃபிஷ் பார்க்க வேண்டி வருமான்னு முன்னாலேயே கேட்டிருங்க.

தென்காசி:
எங்கப்பாவுக்கு ஏஎல்கே நெகட்டிவ். பிளாக்ல சதை மிச்சம் இருந்ததால ராஸ்1ங்கிற இன்னொரு ஜீனையும் பார்த்தாங்க, அதுவும் உடையல. உடனே கீமோ ஆரம்பிச்சுட்டாங்க. பிளாக்கை லேப்ல இருந்து திருப்பி வாங்கி, வெயில் படாம பீரோவுல வச்சிருக்கோம்.