புதுப்பிப்பு: இலை மடிந்த கோழிக்கூட்டு வாழை

லயத்துக்கு (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்) பின்னால் நிற்கும் கோழிக்கூட்டு வாழைகளின் இலை நடுநரம்போடு மடிந்து தொங்குகிறது, வேர் அழுகலோ என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். அழுகல் இல்லை, வெறும் தண்ணீர்ப் பஞ்சம். தென்மேற்குப் பருவக் காற்று மேற்கு மலையை நனைத்துவிட்டு, கிழக்கே இருக்கும் எங்கள் பதுளைப் பக்கம் வெறுங்காற்றாகத்தானே வருகிறது! மண்வெட்டியால் கிளறினேன். வேர்களில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடிக்குள்ளேயே ஓடியிருந்தது. அந்த மண் கையில் மாவாக உதிர்ந்தது.

ஒக்டோபர் மழைக்கு இலை விரிந்தது. சரி, தப்பியது என்று நினைத்தால் குலையில் ஐந்தே சீப்பு. எத்தனை சீப்பு என்பது பூ வெளியே தெரியுமுன்பே தண்டுக்குள் முடிவாகிவிடுமாம். அந்த நேரம் காய்ந்தால் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் சீப்பு அதிகமாகாது. பக்கத்து மரம் குலை தள்ளிய பிறகுதான் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. அதில் சீப்புக்குக் குறைவில்லை, காய்தான் சுண்டுவிரல் மாதிரி.

அப்போது பதிலில் மூடாக்கு (மண்ணை மூடும் சருகு) போடச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. கவ்வாத்து மிலாறும் (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சிகள்) காய்ந்த வாழை இலையும் பரப்பியிருக்கிறேன், இப்போது அடிமண் ஈரமாகவே இருக்கிறது. அப்புறம், ஓரத்தில் நின்ற சாம்பல் வாழைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை யாரும் கவனித்ததுகூட இல்லை.