கிராமபோன் பாதிப் பாட்டில் இழுக்கிறது, அவசரம்!

சாமா72: வணக்கம். போன வாரம் ஒரு மேஜை கிராமபோன் வாங்கினேன். சாவி முழுக்கக் கொடுத்தாலும் பாதிப் பாட்டுக்கு மேல் இழுக்கிறது, கே.பி. சுந்தராம்பாள் குரல் ஆண் குரல் ஆகிவிடுகிறது. ஞாயிறு அப்பாவுக்கு 80 வயது. சீக்கிரம் சொல்லுங்கள்.

மதுரைராகம்: என்ன கம்பெனி? சத்தம் வரும் குழாய் வெளியிலா, பெட்டிக்குள்ளா? ஊசி எப்போது மாற்றினீர்கள்?

சுருள்வில்: ஸ்பிரிங்தான், சந்தேகமே வேண்டாம். டப்பாவுக்குள் கிராஃபைட் கிரீஸ் காய்ந்திருக்கும். ஓடும்போது 'டொக்' என்று இடிக்கிறதா?

சாமா72: இடிக்கிறது. பித்தளைக் குழாய், எட்டு மூலைப் பெட்டி, எச்எம்வி நாய்த் தகடு. கடைக்காரர் ஓர் ஊசி கொடுத்தார், அதேதான் ஓடுகிறது.

அரக்குத்தட்டு: எட்டு மூலை, பளபளக்கும் பித்தளை, நாய். மூன்றும் சேர்ந்தாலே தெரிய வேண்டாமா? பழைய போர்ட்டபிள் பெட்டியின் மோட்டாரைக் கழற்றிப் புதுப் பெட்டிக்குள் வைத்துக் குழாய் மாட்டி விற்பது பல வருட வியாபாரம். அசலில் குழாயைச் சுமக்கப் பின்னால் கனமான வார்ப்புத் தாங்கி இருக்கும். படம் கூடப் போடாமல் கேட்பவர்களுக்கு நான் இன்னும் எத்தனை முறை சொல்வது?

மதுரைராகம்: பெட்டி புதிது என்றால் மோட்டாரும் போலியா என்ன? சாமா, தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு செருகி, ஊசியை இறக்காமல் ஒரு நிமிடம் எண்ணுங்கள். 78 சுற்று வர வேண்டும். அப்புறம் ஊசியை இறக்கி எண்ணுங்கள். தட்டின் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி, ஞாபகம் இருக்கட்டும்.

சுருள்வில்: பக்கத்துக்கு ஒன்றா! எங்கள் வீட்டில் ஓர் ஊசியில் பத்துப் பாட்டு ஓடும்.

மதுரைராகம்: அதனால்தான் உங்கள் தட்டெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். அரக்கோடு கல்மாவு கலந்துதான் தட்டு செய்தார்கள். முதல் சில சுற்றிலேயே எஃகு முனை தேய்ந்து பள்ளத்துக்குப் பொருந்தும். அடுத்த தட்டில் அதே முனை உளி.

சுருள்வில்: மூங்கில் ஊசி போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அரக்குத்தட்டு: மூங்கிலைச் சீவிச் சீவிப் போட வேண்டும், சத்தமும் குறைவு. அதுவும் தெரியாதா?

சுருள்வில்: தெரியும் சார். சாமா, ஸ்பிரிங் டப்பாவை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். சாவி முழுக்க இறங்கிய பிறகும் சுருள் பாய்ந்து விரலைக் கிழிக்கும்.

(செவ்வாய்)

சாமா72: ஊசி இல்லாமல் 78, இறக்கினால் 70. தெரிந்த கடிகார ரிப்பேர்க்காரர் கிரீஸ் மாற்றிக் கொடுத்தார், புது ஊசியும் போட்டேன். அப்பா நான்கு பாட்டு கேட்டார். தகடைத் தடவித் தடவிப் பார்த்தார். பெட்டி புதிது என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் நன்றி.

அரக்குத்தட்டு: படம் எங்கே?